சின்னப்பாப்பாவின் திருட்டுச் சம்பங்கி

சின்னப்பாப்பா காபி போட உள்ளே போனால் பத்து நிமிடத்துக்கு வெளியே வரமாட்டார். அந்த வீட்டில் காபித்தூள் கிடையாது. கணவர் சிவஞானத்துக்குச் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து சர்க்கரையும் வாங்குவதில்லை. உள்ளே போனவர் அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இருக்கிற நாலு பாத்திரத்தையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார். பாத்திரச் சத்தம் கேட்கிற வரைக்கும் வெளியே இருப்பவர் தைரியமாகத் தோண்டலாம். சத்தம் நின்று, தொண்டையைச் செருமுகிற ஒலி வந்தால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு வாசலுக்கு வந்து, "பால் திரிஞ்சி போச்சி, இன்னொரு நாளு வா" என்பார். வந்தவர் விரலில் ஈர மணல் ஒட்டியிருக்கும், பை கொஞ்சம் தொங்கும். சின்னப்பாப்பா இரண்டையும் பார்க்காமல் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

திருட்டுப் போவது சம்பங்கிக் கிழங்கு. மரக்காணம் உப்பளத்துக்குத் தெற்கே, உப்புப் பாத்திகளுக்கும் கடலுக்கும் நடுவில், அவர் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், கொஞ்சம் மேடாகக் கிடக்கிற நாலு சென்ட் மணலில் அதை வளர்க்கிறார். கிழங்கைப் பார்த்தால் சின்ன வெங்காயம் சதை போட்ட மாதிரி இருக்கும். முளைத்து வந்தால் புல். இதற்கா இவ்வளவு என்று தோன்றும். மூன்று மாதம் கழித்து அந்தப் புல்லின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக வெள்ளைப் பூ விரியும். பொழுது சாயும்போது அந்த வாசனை உப்பளம் முழுக்கப் பரவும். உப்பு ஏற்ற வருகிற லாரி டிரைவர்கள் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

பூவைக் கட்டுக் கட்டாகக் கடைக்குப் போடுவார். கிழங்கை விற்கவும் மாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். காரணம் ஊருக்கே தெரியும். "கேட்டு வாங்கினா அழுவிப் போவும் தம்பி. காசு குடுத்து வாங்கினா வெறும் இலை வுடும். திருடி வெச்சாத்தான் பூக்கும்." இந்த நம்பிக்கை அவர் கண்டுபிடித்ததில்லை. ரோஜாப் பதியனுக்கும் வெற்றிலைக் கொடிக்கும் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் திருட வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கி, பாத்திரம் தட்டி, வழியனுப்பி வைக்கிற நிர்வாகம் சின்னப்பாப்பாவுடையது.

நான் அவரைத் தெரிந்துகொண்டது தொழில் நிமித்தம். ஈசிஆர் சாலை ஓரத்து ஊர்களில் வீட்டு வீட்டுக்குப் போய் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷினைப் பழுது பார்ப்பது என் வேலை. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற பேனா மாதிரி ஒரு மீட்டர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளின் மிஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் குழாய்த் தண்ணீரில் மீட்டரை விட்டேன். வேலி மேல் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சின்னப்பாப்பா, "அந்தக் குச்சிய எடு" என்றார். உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து, நாக்கு நுனியில் வைத்து, ஒரு பக்கமாகத் துப்பினார். "போன வாரத்தவிட ஏறியிருக்குது. ரசத்துக்கு ஆவும், பூவுக்கு ஆவாது." மீட்டரைப் பார்த்தேன். போன வாரத்தைவிட எண்பது புள்ளி ஏறியிருந்தது. அன்றிலிருந்து அந்த ஊரில் மீட்டரை எடுக்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

பதினாறு வயதிலிருந்து உப்பளத்தில் நின்றவர். எந்தப் பாத்தியில் இன்றைக்கு உப்பு விழும், எதில் நாளைக்கு என்று தொட்டுப் பார்த்தே சொன்ன நாக்கு அது. முட்டி தேய்ந்து, பாதம் வெடித்து, இனி வரப்பில் ஏற முடியாது என்று ஆனபோதுதான் இந்த மணல் மேட்டைக் குத்தகைக்குப் பிடித்துக் கிழங்கை ஊன்றினார். உப்பளத்தின் பழக்கம் இரண்டு மட்டும் விடவில்லை. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வார். ஒரு பையில் வாழை நார், இன்னொன்றில் பாலிதீன் கவரில் சுற்றிய செல்போன். அடுத்தது நடை. குறுகலான வரப்பில் உப்புக் கூடையோடு நடந்த கால், ஈசிஆர் அகலத்திலும் ஒன்றின் முன் ஒன்றாகத்தான் விழும். எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறார் என்று தெரியாமல் பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். "ரோடு இன்னா உன் வூட்டுதா?" என்று அவர்தான் திரும்பிக் கேட்பார்.

திருட்டு முடிந்தால் மட்டும் போதாது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் திட்டு உண்டு. திட்டு விழாத கிழங்குக்கு வேர் பிடிக்காது என்பது சட்டத்தின் இரண்டாம் பாகம். தெருவுக்கு நடுவில் வந்து, இடுப்பில் கை வைத்து, கடல் பக்கம் பார்த்துத் தொடங்குவார். யார் எடுத்தது என்று தெரியாத மாதிரித்தான் திட்ட வேண்டும். எடுத்தவர் காதில் விழுகிற மாதிரியும் திட்ட வேண்டும். "என் கெழங்கத் தோண்டினவ வூட்டு மிக்ஸி பாதி சட்னில நிக்க! அவ சீரியல் பாக்கச்சொல்ல கரண்டு போவ! அவ எடுக்கிற செல்ஃபில எல்லாம் கண்ணு மூடியிருக்க!" நான் மூன்று கிழங்கு எடுத்துப்போன மறுநாள், "அவன் தொறக்கிற மிஷின்ல எல்லாம் பல்லி செத்துக் கெடக்க!" என்று திட்டியதாக லட்சுமியம்மாள் போன் செய்து சொன்னார். அந்த மாதம் இரண்டு பல்லி கிடைத்தது. சம்பங்கியும் பூத்தது.

திட்டின் அளவு முக்கியம். நெருங்கியவர்களுக்கு நீளமாகத் திட்டுவார், பிடிக்காதவர்களுக்கு இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார். லட்சுமியம்மாளுக்கு இதில் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. "எதிர் வூட்டு முத்தம்மாளுக்குக் கால் மணி நேரம் திட்டினா. எனக்கு மட்டும் 'நாசமாப் போவ'ன்னு ஒரே வார்த்தை. பூவும் பாரு, ஒரே தண்டு." அடுத்த ஆண்டு லட்சுமியம்மாள் வம்புக்கென்றே பத்துக் கிழங்கு எடுத்து, வாசலில் மணலைச் சிந்திவிட்டுப் போனார். அதற்கு அரை மணி நேரம் கிடைத்தது. இப்போது அவர் வீட்டு மாடியில் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளில் ஆறு பெட்டி சம்பங்கி நிற்கிறது.

அப்படியானால் முதல் கிழங்கு? அதைச் சொல்லும்போது சின்னப்பாப்பா குரலைத் தாழ்த்துவார். குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் திருடியதாம். சுவர் ஏறிக் குதித்தாராம், நாய் துரத்தியதாம். முதல் முறை கேட்டபோது ஒரு நாய். இரண்டாம் முறை இரண்டு. போன பொங்கலுக்கு யாருக்கோ சொன்னதில் மூன்று நாயும் ஒரு துப்பாக்கியும் வந்துவிட்டன. முட்டி தேய்ந்தவர் சுவர் ஏறினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுவர் உயர்ந்திருக்கும்.

உண்மை சிவஞானத்திடமிருந்து வந்தது. அவர் அதிகம் பேசாதவர். அவர் வீட்டு மிஷினுக்குச் சல்லடை மாற்றிக்கொண்டிருந்தபோது, மனைவி தண்ணீர்க் குடத்தோடு மேட்டுக்குப் போனதை உறுதி செய்துகொண்டு, மெதுவாகச் சொன்னார். "இவளா திருடினா? சத்தியமங்கலத்துல இருந்து ரெண்டு மூட்டை நான்தான் சொல்லி வரவழைச்சேன், ரசீதோட. எதிர் வூட்டுக் கருவேப்பிலையக்கூட குரல் குடுத்துக் கேட்டுட்டுத்தான் கிள்ளுவா. வெளில சொல்லிடாதீங்க, அவ மரியாதை போயிடும்." மனிதர்கள் நல்லவர்கள் என்று பேர் எடுக்க என்னவெல்லாமோ செய்வதைப் பார்த்திருக்கிறேன். திருடி என்ற பேருக்காக இத்தனை பாடுபடுகிறவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் அன்பு வந்ததும் அன்றுதான்.

போன கார்த்திகையில் புயல் வந்தது. கால்வாய்க் கரையும் பாத்தி வரப்பும் உடைந்து, உப்பளத்துத் தண்ணீர் மணல் மேட்டில் ஏறி ஒன்பது நாள் நின்றது. சம்பங்கிக்கு நல்ல தண்ணீரே நின்றால் ஆகாது. இது உப்புத் தண்ணீர். வடிந்த பிறகு நான் போனபோது சின்னப்பாப்பா மேட்டில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு கிழங்காக எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கிய விரல் உள்ளே போயிற்று. "கல்யாண வூட்டு சாம்பார்ல கத்திரிக்கா வெந்த மாதிரி இருக்குது பாரு" என்று சிரித்தார். ஒரு கிள்ளு மணலை நாக்கில் வைத்தார். துப்பிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார். சும்மா பக்கத்தில் குந்தினேன்.

மேட்டின் சொந்தக்காரர் பக்தவச்சலம். பக்கத்தில் நாலு பாத்தி வைத்து உப்பு எடுக்கிறவர், கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். புயலில் பழைய வழி அரித்துப்போனதால், உப்பு லாரி வந்தால் திருப்ப இடமில்லாமல் தவித்தார். மேடு சும்மாதானே கிடக்கிறது, கொஞ்சம் வெட்டிச் சமமாக்கினால் லாரி திரும்பும் என்று கணக்குப் போட்டார். சின்னப்பாப்பா போய்ப் பேசினார். கடைசியில் அவர் சொன்னது இது: "வைகாசி கடைசி தேதி நான் வருவேன். பூ நின்னா பூ நிக்கட்டும். இல்லன்னா லாரி நிக்கும். நீங்க என்னைக் கொறை சொல்லக்கூடாது, ஆமா." மேடு போனால் சின்னப்பாப்பாவுக்கு மீண்டும் உப்பளம்தான். அந்த முட்டியோடு அவர் ஒரு சீசன் தாங்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், சிவஞானத்துக்கும் தெரியும்.

மார்கழி மழை மேட்டைக் கழுவியது. தினமும் மணலை ருசி பார்த்தார். சவுக்குச் சருகும் மாட்டு எருவும் கொட்டினார். தை பிறந்து ஒரு வாரத்தில், "இப்ப பூவுக்கு ஆவும்" என்று அறிவித்தார். மண் தயார். கிழங்கு இல்லை.

இங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. மாடியிலும் வாசலிலும் உடைந்த பிளாஸ்டிக் வாளியிலும் பழைய வாஷிங் மிஷின் தொட்டியிலும் சின்னப்பாப்பாவின் கிழங்கு நிற்காத வீடு இல்லை. உப்புத் தண்ணீர் தெரு வரைக்கும் வராததால் புயலில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கொடுத்தால் இத்தனை நாள் திருடியது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டாலும் பரவாயில்லை, கொடுத்த கிழங்கு அழுகிவிடுமே. சின்னப்பாப்பாவும் கேட்க முடியாது. கேட்டால் அழுகும். ஒரு வாரம் ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும், பூந்தொட்டியைப் பார்ப்பதும், வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தது.

முத்தம்மாள்தான் முதலில் வழி திறந்தார். தெருவில் போன சின்னப்பாப்பாவைக் கூப்பிட்டு, "குந்துக்கா, காபி போட்டு எடுத்தாரேன். லேட் ஆவும்" என்று உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தட்ட ஆரம்பித்தார்.

அந்த வாரம் முழுக்க எந்தத் தெருவில் நுழைந்தாலும் பாத்திரச் சத்தம். மிஷின் வேலைக்குப் போன வீட்டில் எல்லாம், "தம்பி, கொஞ்ச நேரம் கழிச்சி வா, பாப்பாக்கா வந்திருக்குது" என்று என்னை வாசலோடு அனுப்பினார்கள். எல்லோருடைய பாலும் திரிந்துபோயிற்று.

பிரச்சினை என்னவென்றால், சின்னப்பாப்பாவுக்குத் திருட வராது. பெரிய கிழங்கை எடுக்க மனசு வராமல் ஓரத்துக் குட்டிக் கிழங்காகப் பார்த்துத் தோண்டுவார். அவசரத்தில் பாதி நசுங்கும். தோண்டிய குழியை மூடி, சிந்திய மணலைக் கூட்டி, தொட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றிவிட்டு வருவார். "திருட வந்தவ வாசலக் கூட்டிட்டுப் போறா" என்று முத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலைத் திட்டு இன்னும் மோசம். சின்னப்பாப்பா மாதிரி யாருக்கும் வாய் வரவில்லை. பாதிப் பேர் "யாரோ எடுத்துட்டாங்க, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். லட்சுமியம்மாள் மட்டும் ஊர் மானத்தைக் காப்பாற்றினார். ஒரே ஒரு வார்த்தைத் திட்டு வாங்கிய அந்த வருடத்தின் கணக்கையும் சேர்த்து, ஆறரை மணிக்கே தொடங்கி, நாலு கிழங்குக்கு முக்கால் மணி நேரம் திட்டினார். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தார். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அவ கெழங்கு வேர் புடிக்கும் பாரு" என்றார் என்னிடம்.

இப்படியே தை முழுவதும் திருடியும் மேட்டின் ரோட்டு ஓரம், லாரி நுழைகிற பக்கம், ஒரு நீள வரிசை காலியாக இருந்தது. ஊரில் பெரிய சரக்கு இருந்தது லட்சுமியம்மாள் மாடியில்தான். மாசி முதல் வாரம் லட்சுமியம்மாள் இன்னொரு முறை காபிக்குக் கூப்பிட்டார். நான் அப்போது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

சின்னப்பாப்பா மீன் பெட்டியில் கையை விட்டிருந்தார். கீழே பாத்திரம் ஓய்வில்லாமல் ஒலித்தது. அந்த நேரம் துணி காயப்போட மாடி ஏறி வந்தாள் சத்யப்ரியா. லட்சுமியம்மாள் மகன் கார்த்திகேசனைக் கட்டிக்கொண்டு தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஊர்ச் சட்டம் எதுவும் அவளுக்குத் தெரியாது. பெட்டிக்குள் முழங்கை வரை மணலோடு விழித்த சின்னப்பாப்பாவைப் பார்த்தாள்.

"ஐயோ சின்னத்தை, கெழங்கு வேணும்னா சொல்லக்கூடாதா? நீங்க எதுக்கு கஷ்டப்படறீங்க? இருங்க, நானே எடுத்துக் குடுக்கறேன்."

"வாணாம்மா! குடுக்காத! நீ துணி காயப்போடு, கீழ போ, எங்கயாவது போ!"

அவள் போகவில்லை. ஒரு தோசைக்கரண்டியை எடுத்து வந்து, நிதானமாக, வேர் அறாமல், இரண்டு பெட்டியைக் கவிழ்த்துப் பெரிது பெரிதாகப் பொறுக்கினாள். பிறகு கீழே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் எவர்சில்வர் தாம்பாளம். அதில் கிழங்குகளைத் துடைத்து அடுக்கி, ஓரத்தில் மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு வாழைப்பழம். "புயல்ல எல்லாம் போயிடுச்சின்னு அத்தை சொல்லி அழுதாங்க. மறுபடியும் நல்லா வரணும் சின்னத்தை" என்று நீட்டினாள்.

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த லட்சுமியம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சி. கேட்டு வாங்கினாலே அழுவும். இவ தாம்பூலத்தோட குடுக்கிறா. இத எப்படி திட்டுவேன் நான்?"

வாங்கினால் கிழங்கு அழுகும். வேண்டாம் என்றால், புதுப் பெண் மஞ்சள் குங்குமத்தோடு நீட்டிய தட்டை மறுத்ததாகும். அந்தப் பாவத்தை அந்த ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். சின்னப்பாப்பா என்னைப் பார்த்தார், நான் குழாயைப் பார்த்தேன். சத்யப்ரியா தட்டை நீட்டியபடியே நின்றாள்; என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். சின்னப்பாப்பா சட்டையை ஒதுக்கி, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "போடும்மா" என்றார்.

கொடுத்த கிழங்கைத் திருடிய கிழங்கோடு சேர்த்து வைத்தால் அதுவும் கெட்டுவிடும் என்ற பயத்தில், தனியாக ரோட்டு ஓரத்துக் காலி வரிசையில் அதை ஊன்றினார். எந்த வரிசை என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சத்யப்ரியாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். விஷயம் புரிந்ததிலிருந்து சத்யப்ரியா குற்ற உணர்ச்சியில் தினமும் விடிந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீரோடு வந்து அந்த வரிசைக்கு ஊற்றிவிட்டுப் போவாள். "உன் மேல தப்பில்ல. உன் ஊரு பழக்கம் அப்படி" என்று சின்னப்பாப்பா ஆறுதல் சொல்வார். அது ஆறுதல்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் முளை வந்தது. சித்திரை வெயிலில் புல் அடர்ந்தது. வைகாசி பாதி ஆனபோதும் ஒரு தண்டைக் காணோம். சின்னப்பாப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். நாய்க் கதையைக் கேட்டவர்களுக்கு "ஒரே நாய்தான்" என்று முடித்துக்கொண்டார். ஒரு நாள் பரணிலிருந்து உப்பு வாருகிற பலகையை இறக்கித் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

வைகாசியின் கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு நான் வேலையை ஒதுக்கிவிட்டு மேட்டுக்குப் போனேன். திருடிய வரிசைகளில் புல்தான். இங்கொன்றும் அங்கொன்றுமாக விரல் நீளத்துக்கு மொட்டுத் தண்டு எட்டிப் பார்த்தது. ரோட்டு ஓரத்து வரிசை மட்டும், முனையிலிருந்து முனை வரை, இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டு நின்றது. கீழ்ப் பூக்கள் விரிந்திருந்தன. நசுங்காத பெரிய கிழங்கு, அறாத வேர், தினம் ஒரு குடம் தண்ணீர். மண்ணுக்கு வேறென்ன வேண்டும்? சின்னப்பாப்பா வரிசையின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "குடுத்தது தம்பி" என்று மெல்லச் சொன்னார். "குடுத்தது பூத்திருக்குது."

பக்தவச்சலம் வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது அந்த வரிசைதான். ஒரு தண்டை மூக்கருகே இழுத்துப் பார்த்தார். உள்ளே இருந்த புல்லையும் பார்த்தார், மொட்டையும் பார்த்தார். "சரி, லாரிய சவுக்குத் தோப்புப் பக்கமா திருப்பிக்கிறேன். எங்க வூட்டு அம்மாவுக்கு ரெண்டு தண்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிவஞானம் வீட்டுக்குப் போய் அந்த உப்புப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு, யாரிடமோ கொடுத்துவிட்டு வருவதாக நடையைக் கட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதற்குள் செய்தி பரவி, தெருவே மேட்டுக்கு வந்துவிட்டது. முன்னால் லட்சுமியம்மாள், பின்னால் சத்யப்ரியா. லட்சுமியம்மாள் வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ பாப்பா, இது யாரு வூட்டுக் கெழங்கு?"

அந்த ஒரு பதிலில் ஆயிரம் காபியும் திட்டும் பாத்திரச் சத்தமும் தொங்கிக்கொண்டிருந்தன. சின்னப்பாப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உன் வூட்டுதுதான். முக்கா மணி நேரம் திட்டினியே, அந்தத் திட்டுக்குப் பூக்காம போவுமா?"

லட்சுமியம்மாள் முகத்தில் வந்த பெருமையைச் சொல்லி முடியாது. முத்தம்மாள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "அப்போ இவ தாம்பூலத்துல வெச்சிக் குடுத்தது?"

"அதுவா? அந்தா, அந்த மூலையில கெடக்குது" என்று ஒன்றுமே முளைக்காத கோடியைக் கை காட்டினார். "நான்தான் சொன்னேனே."

எல்லோரும் "ச்சு ச்சு" என்று அந்த மூலையைப் பார்க்கத் திரும்பினார்கள். சத்யப்ரியா திரும்பவில்லை. நூறு நாள் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றிய வரிசையையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். சின்னப்பாப்பா அந்த வரிசையிலேயே உயரமான தண்டை ஒடித்தார். விரிந்த பூக்களை மட்டும் கிள்ளி, சட்டைப் பையிலிருந்த நாரில் நாலு முடிச்சுப் போட்டு, ஊர் முதுகு காட்டி நின்ற அந்த நேரத்தில் அவள் தலையில் வைத்தார். வைத்த கையாலேயே அவள் காதைப் பிடித்து, வலிக்காமல், ஒரு திருகு திருகினார்.